பால் கொடுக்கிற இடைவேளையைச் சேர்த்து எடுத்து முந்திப் போகலாமா?

களுவாஞ்சி_அம்மா:
மகனுக்கு ஐந்து மாதம் நடக்கிறது. மட்டக்களப்பு டவுனில் ஒரு தனியார் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை. 84 நாள் லீவு முடிந்து திரும்பிவிட்டேன். வெள்ளாப்பில் எழும்பிப் பாலைப் பீய்ச்சி பிரிஜில் வைத்துவிட்டு ஏழு மணிக்குள் மெயின் ரோட்டுக்கு வந்தால்தான், கல்முனையிலிருந்து வரும் பஸ்ஸில் நிற்கவாவது இடம் கிடைக்கும்.

பிள்ளையை அம்மா பார்க்கிறா. எங்கள் ஊர்ப் பக்கத்தில் வீட்டை மகளுக்குக் கொடுப்பது வழக்கம், அப்படி எனக்குத் தந்த வீடு, அம்மாவும் அதே வளவில். ஆள் தேடும் கஷ்டம் இல்லை. ஆனால் அவவுக்கு முழங்கால் நோ, பின்னேரம் ஆனால் தூக்கி வைத்திருக்க ஏலாது.

பிள்ளைக்கு ஒரு வயதாகும்வரை பால் கொடுக்க ஒரு நாளில் இரண்டு இடைவேளை, ஒவ்வொன்றும் ஒரு மணித்தியாலம் என்று சட்டம் இருக்கிறது. மனேஜரிடம் கேட்டேன், "தாராளமா எடுங்கோ" என்றார். எடுத்து எங்கே போவது? வீட்டுக்குப் போய்வரவே இரண்டு மணித்தியாலம் வேண்டும். இப்போது பூட்டில்லாத ஸ்டோர் ரூமில், கதவுக்கு முதுகைக் கொடுத்து நின்று பாலைப் பீய்ச்சுகிறேன். இரண்டையும் சேர்த்து மூன்று மணிக்கே வெளிக்கிட முடியுமா? யாராவது அப்படிச் செய்தீர்களா?

வேலையை விடு என்று சொல்ல வீட்டில் ஆட்கள் இருக்கிறார்கள். அந்த அறிவுரை இங்கே வேண்டாம்.

சாய்ந்தமருது_ராத்தா:
தங்கச்சி, நான் செய்தேன், ஆனால் பாதிதான். 2018இல் சட்டத்தைத் திருத்திய பிறகு கடை, அலுவலக ஊழியருக்கும் இந்த இடைவேளை உண்டு. சாப்பாட்டு நேரத்துக்கு மேலதிகமாகத்தான் தர வேண்டும். அதில் கழிக்கப் பார்ப்பார்கள், விட்டுக்கொடுக்காதீங்க. சேர்த்து எடுப்பது அலுவலகத்தோடு பேசி ஒத்துக்கொள்கிற விஷயம். வாய்ப்பேச்சாக விட்டால் மனேஜர் மாறியதும் கதை மாறும். கடிதமாகக் கொடுத்து, பதிலையும் எழுத்தில் வாங்குங்க.

ஆனால் இரண்டையும் சேர்க்காதீங்க. காலையிலிருந்து மூன்று மணிவரை பீய்ச்சாமல் இருந்தால் மார்பு கல்லாகிக் காய்ச்சல் வரும், மறுகா பாலும் குறையும். ஒன்றை நடுவில் எடுங்க, மற்றதைக் கடைசியில் வைத்து முந்திப் போங்க. ஸ்டோர் ரூமுக்கு ஒரு கொண்டி போடச் சொல்லுங்க. அதற்கு என்ன பெரிய செலவு?

வாவிக்கரையான்:
எங்கட அம்மாமார் வயலுக்குப் போகும்போது மரத்தில் ஏணை கட்டிப் பிள்ளையை வளர்க்கவில்லையா?

சாய்ந்தமருது_ராத்தா:
டவுன் அலுவலகத்தில் ஏணை கட்ட ஒரு மரம் காட்டுங்க தம்பி, கட்டுவோம்.

மண்டூர்_மிட்வைஃப்:
சேவையிலிருந்து ஓய்வு பெற்றவள். எங்கட வெயிலுக்கு, பீய்ச்சிய பாலை வெளியில் வைக்க வேண்டாம். அலுவலகத்தில் பிரிஜ் இல்லாவிட்டால் ஐஸ் போட்ட பெட்டியில் கொண்டுபோங்க. வீட்டுப் பிரிஜில் கதவுப் பக்கம் வைக்காமல் உள்ளே தள்ளி வைத்தால் நான்கு நாள் வரை பாவிக்கலாம். அடுப்பில் சூடாக்கக் கூடாது, சுடுதண்ணிக் கோப்பைக்குள் வைத்து எடுத்தால் சரி. போத்தல் வேண்டாம், சின்னக் கோப்பையால் பருக்க அம்மாவைப் பழக்குங்க. பிரிஜ் பால் சளி பிடிக்கும் என்று பக்கத்து வீட்டில் சொல்வார்கள், கேட்டுவிட்டு விடுங்க. ஆறு மாதம் முடிந்து சாப்பாடு தொடங்கினால் அம்மாவுக்கும் கொஞ்சம் லேசாகும்.

களுவாஞ்சி_அம்மா:
ராத்தா, ஒன்று நடுவில் ஒன்று கடைசியில் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. நான்கு மணிக்கு வெளிக்கிட்டால் காத்தான்குடி நெரிசலுக்கு முன்னால் தப்பிவிடலாம். கடிதம் தமிழில் எழுதினால் போதுமா? தலைமை அலுவலகம் கொழும்பில்.

சாய்ந்தமருது_ராத்தா:
தமிழில் எழுதி இங்கிலிஷில் ஒரு பிரதியும் சேர்த்து அனுப்புங்க. பதில் வராவிட்டால் மட்டக்களப்பு தொழில் அலுவலகத்தில் போய்க் கேட்கலாம். அங்கே போகும்போது கடிதத்தின் கொப்பி கையில் இருக்கட்டும்.