ஒழுங்கை கூடுது, ஊர் துண்டாகுது: இதை எப்படி அளப்பது?

கல்லடிக்காரன்:
சின்ன வயதில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் தென்னந்தோட்டம். வேலிக் கடப்பால் குனிந்து நுழைந்தால் தோட்டம், அதைத் தாண்டினால் மாமி வீட்டு முற்றம். இப்போது அந்த வளவைத் துண்டுபோட்டு விற்று ஆறு ஒழுங்கை விட்டிருக்கிறார்கள். ஆறும் நல்ல கொங்கிறீட், ஆறும் மதிலில் முட்டி நிற்கின்றன. வீதி கூடியிருக்கிறது, நடையும் கூடியிருக்கிறது. அன்றைக்கும் இன்றைக்கும் உள்ள வித்தியாசத்தை எண்ணில் காட்ட வழி உண்டா? யாரும் வரைந்து சேர்க்கக்கூடிய இணைய வரைபடமான ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பில் எங்கள் பகுதியை இறக்கி வைத்திருக்கிறேன்.

வாவிக்கரை:
தம்பி, சந்திகளையும் மதிலில் முட்டும் முனைகளையும் எண்ணுங்கள், அவை புள்ளிகள். இரண்டு புள்ளிக்கு இடையில் உள்ள வீதித்துண்டு ஒரு இணைப்பு. இணைப்பைப் புள்ளியால் வகுத்தால் சரி; எண் கூடினால் வீதிகள் நன்றாகக் கோத்திருக்கின்றன என்று அர்த்தம். உங்கள் இடத்தில் பெரிய வீதியில் ஆறு சந்தி, அதன் இரு நுனி, ஆறு முட்டுமுனை: 14 புள்ளி, 13 இணைப்பு, 0.93. முட்டுமுனைகளை ஒரு பின்பாதை கோத்திருந்தால் 18 இணைப்பு, 1.29. கட்டம் கட்டமாக வெட்டிய பெரிய ஊரில் இது 2ஐ நெருங்கும்.

மறுகா ஒன்று. ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் தொடங்கியதே 2004இல். அதில் இருக்கும் திகதி யாரோ வரைந்த திகதி, ஒழுங்கை வெட்டிய திகதி அல்ல. கூகுள் ஏர்த்தின் பழைய படங்களைப் பாருங்கள். அதைவிட, அயலவர்களின் காணி உறுதியோடு இருக்கும் நில அளவைப் படத்தில் ஆண்டு கிடைக்கும்.

படுவான்கரையான்:
அந்த ஒரு எண்ணை நம்பி இருந்துவிடாதீர்கள். 2014இல் மட்டக்களப்பு வாவிக்கு மேல் மண்முனைப் பாலம் திறந்தபோது கூடியது ஒரேயொரு இணைப்பு, அந்த எண் அசைந்தே இருக்காது. அதற்கு முன் நாங்கள் பாதைக்குக் காத்துக் கிடப்போம். (வெளியூர்க்காரருக்கு: இங்கே பாதை என்றால் வாவியில் ஆளையும் சைக்கிளையும் ஏற்றிப்போகும் மிதவை.) அது தவறினால் நகருக்குப் போய் வலையிறவுப் பாலத்தால் சுற்ற வேண்டும். எந்த இணைப்பை எடுத்தால் ஊர் இரண்டாகும் என்றும் பாருங்கள். நேர்த்தூரத்தையும் நடைத்தூரத்தையும் ஒப்பிடுங்கள்.

கல்லடிக்காரன்:
அளந்தேன் அண்ணன். மாமி வீடு நேரே 60 மீற்றர், நடந்தால் 840. பதினான்கு மடங்கு! அம்மாவிடம் காட்டினேன். "அந்தக் கடைசி மதிலைக் கட்டினதே உன்ர மாமிதான்" என்றார்.