ஊசி குத்தினால் மறைக்காதீர்கள்: வார்டில் நடந்தது

2018. நான் நர்ஸ், எனக்கு இரவு ட்யூட்டி. துப்புரவு வேலை பார்க்கும் அக்கா மஞ்சள் பையைக் கட்டி, இடுப்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு நடந்தார். நாலு எட்டு வைத்திருப்பார், 'ஸ்ஸ்' என்று நின்றுவிட்டார். சேலையை விலக்கினால் தொடையில் மிளகளவு ரத்தம். ரத்தம் பட்ட பஞ்சும் கட்டுத்துணியும் போக வேண்டிய பை அது. அதற்குள் ஊசியோடு ஒரு சிரிஞ்ச். அன்று அந்த வார்டில் மூன்று நர்ஸுகள் ஊசி போட்டோம். அதை அந்தப் பையில் யார் போட்டது என்று தெரியவில்லை. நானாகவும் இருக்கலாம். இன்றும் அது உறுத்துகிறது.

"டாக்டர்கிட்ட சொல்லாதீங்க சிஸ்டர், கான்ட்ராக்ட்ல இருந்து எடுத்துடுவாங்க. மஞ்சப்பொடி வெச்சா சரியாயிடும்" என்று சொல்லிக்கொண்டே குத்திய இடத்தைப் பிழிந்துகொண்டிருந்தார். பிழியக் கூடாது. சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் கழுவினால் போதும். குழாயடிக்கு இழுத்துப் போனேன், அப்புறம் ட்யூட்டி டாக்டரிடம்.

டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டிருக்கீங்களா?" ரத்தம் வழியாகத் தொற்றிக் கல்லீரலைத் தாக்கும் நோய் அது. அக்கா என் முகத்தைப் பார்த்தார். வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு மூன்று டோஸும் போட்டார்கள். அவருக்கு ஒன்றுகூட இல்லை. மருத்துவக் கழிவைத் தொடும் எல்லோருக்கும் போட வேண்டும் என்று மத்திய அரசின் 2016 மருத்துவக் கழிவு விதிகளே சொல்கின்றன. நாம் எய்ட்ஸுக்குத்தான் பயப்படுகிறோம். எச்.ஐ.வி. உள்ளவரின் ரத்தம் பட்ட ஊசி குத்தினால் தொற்றும் வாய்ப்பு ஆயிரத்தில் மூன்று. ஹெபடைடிஸ் பி என்றால், தடுப்பூசி போடாதவருக்கு நூற்றில் முப்பது வரை போகலாம்.

யாருக்குப் போட்ட ஊசி என்று தெரியாததால் இரண்டுக்கும் சேர்த்தே அன்றிரவு சிகிச்சை தொடங்கியது. எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையை முதல் இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது. 72 மணி நேரம் தாண்டினால் பலன் இல்லை. 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். அக்கா வாந்தி எடுத்துக்கொண்டே சாப்பிட்டார், ஒரு நாள்கூட லீவு கிடைக்கவில்லை. ஆறாம் மாத டெஸ்ட்டில் ஒன்றும் இல்லை என்று வந்த அன்று, ஸ்டோர் ரூமில் உட்கார்ந்து இரண்டு பேரும் அழுதோம்.

உங்கள் வார்டில் நடந்ததையும் எழுதுங்கள்.

*

நான் லேப் டெக்னீஷியன், சிஸ்டர். ரத்தம் எடுத்த ஊசிக்குத் திரும்ப மூடி போடும் பழக்கம் எனக்கு ரொம்ப நாள் இருந்தது. சுத்தமாக வேலை செய்வதாக நினைப்பு. ஒரு நாள் மூடியைத் தாண்டி இடது பெருவிரலில் ஏறியது. அதிலிருந்து மூடுவதே இல்லை, நேராக ஊசிகளுக்கான வெள்ளை டப்பாதான். அது முக்கால் பங்கு நிறைந்ததும் மூடிவிடுவேன். மேலே அமுக்கித் திணிக்கும்போது குத்து வாங்கியவர்களையும் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று. கையுறையும் டிரிப்ஸ் குழாயும் சிவப்புத் தொட்டிக்கு, கண்ணாடிக் குப்பி நீலத் தொட்டிக்கு என்று எங்கள் சுவரில் பெரிய சார்ட் உண்டு, முழுக்க இங்கிலீஷில். பையைத் தூக்குகிறவர்களில் ஒருவருக்கும் அது படிக்கத் தெரியாது. பழைய குழாய், குப்பிகளைப் படம் எடுத்து அந்தந்தத் தொட்டிக்கு மேலே ஒட்டினோம். அதைப் பார்த்து அதிகம் திருந்தியவர்கள் ஹவுஸ் சர்ஜன்கள், அதாவது பயிற்சி டாக்டர்கள்தான்!

*

நான் ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவள் இல்லை. என் அம்மா பேரூராட்சியில் தூய்மைப் பணியாளர். வீட்டுக் குப்பையைப் பிரிக்கும்போது இன்சுலின் ஊசி இரண்டு முறை குத்தியிருக்கிறது, இரண்டு முறையும் எங்களிடம் சொல்லவில்லை. நர்ஸ் அக்கா எழுதியதைப் படித்துக் காட்டிய பிறகுதான் அம்மா சொன்னார்.

எங்கள் தெருவில் ஒரு பெரியவர் நாலு வருடமாக இன்சுலின் போடுகிறார். எப்படிக் குத்துவது என்று நர்ஸ் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தாராம். குத்திய ஊசியை எங்கே போடுவது என்று யாரும் சொல்லவில்லை. நேற்று கெட்டியான ஒரு பிளாஸ்டிக் டப்பாவை அவரிடம் கொடுத்துவிட்டு வந்தேன். திங்கட்கிழமை அம்மாவைத் தடுப்பூசிக்குக் கூட்டிப் போகிறேன்.