இலையைக் கூட்டி அள்ளுவதா, கிடக்க விடுவதா?

முன்முற்றம் (ஸ்காபரோ, ரொறன்ரோ)

ஒக்ரோபர் கடைசி வந்துவிட்டது. எங்கள் வீட்டு முன்னால் ஒரு பெரிய நோர்வே மேப்பிள் நிற்கிறது. வீதியோரம் நிற்பதால் மரம் சிற்றியுடையது, அதாவது மாநகரசபையுடையது, இலை மட்டும் என்னுடையது. பக்கத்து வீட்டுக்காரர் இந்த வருஷம் ஒரு இலையையும் தொடவில்லை. கேட்டால், "பூச்சிகளுக்காக விட்டிருக்கிறேன்" என்கிறார். புல்லின் நடுவே அதைச் சொல்லும் ஒரு சின்னப் பலகையும் நட்டிருக்கிறார். மேல்காற்று அடித்தால் அவருடைய தருமம் முழுவதும் என்னுடைய ட்ரைவேயில் வந்து குவிகிறது.

என் கட்சி இதுதான். வளவு வைத்திருப்பவர் இலையைக் கூட்ட வேண்டும், காகிதப் பையில் அள்ள வேண்டும், வீதியோரம் வைக்க வேண்டும். ரொறன்ரோவில் மார்ச் நடுவிலிருந்து டிசெம்பர் நடுவரை இரண்டு கிழமைக்கு ஒருமுறை வண்டி வருகிறது. அதற்கும் சேர்த்துத்தான் காசு கட்டுகிறோம். நடைபாதையில் நனைந்து ஒட்டியிருக்கும் இலையில் கால் வைத்தால் என்ன ஆகும் என்று வயதான அம்மா அப்பாவை வீட்டில் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். "இலையை விடுங்கள்" என்பது சோம்பலுக்குப் பூட்டிய நல்ல சட்டை. மறுக்கிறவர்கள் வாருங்கள்.

காட்டுப்பூ (ஸ்காபரோ)

வந்தேன் அண்ணை. சோம்பல் என்றே வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு வெட்கமில்லை.

போன கிழமை கராஜ் ஓரத்தில் இலையைக் கிளறியபோது ஒரு கம்பளிப்புழு சுருண்டு கிடந்தது. இரண்டு முனையும் கறுப்பு, நடுவில் செம்பழுப்பு. தொட்டால் இன்னும் இறுக்கமாகச் சுருண்டுகொள்ளும். அது கூடு கட்டாமல், புழுவாகவே குளிர்காலம் முழுவதையும் இலைக்கு அடியில் கழிக்கும். உடம்பில் கிளிசரோலைச் சேர்த்து வைத்திருப்பதால் உறைந்தாலும் சாகாது. வசந்தத்தில் எழும்பி, தின்று, அப்புறம்தான் கூடு கட்டி அந்துப்பூச்சியாகும். நீங்கள் பையில் அள்ளிக் கட்டும்போது அதையும் சேர்த்துத்தான் கட்டுகிறீர்கள்.

பம்பிள் தேனீயின் கதையும் இதுதான். குளிர் வந்ததும் கூட்டத்தில் எல்லாம் செத்துப்போகும், புது ராணி மட்டும் மிஞ்சும். அவள் மண்ணில் சில சென்ரிமீற்றர் தோண்டிக்கொண்டு இறங்கிப் படுப்பாள். மேலே இலை கிடந்தால் குளிர் நேரே இறங்காது. அடுத்த வருஷம் உங்கள் பூசணிப் பூவுக்கு வருகிற தேனீக்கள் அந்த ஒருத்தியின் பிள்ளைகள். நேச்சர் கன்சர்வன்சி ஒஃப் கனடா என்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு இலையுதிர் காலத்தில் இதைத்தான் திருப்பித் திருப்பிச் சொல்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் தன் தலையிலிருந்து கண்டுபிடித்ததல்ல.

முன்முற்றம்

தங்கச்சி, காட்டுக்குச் சரியான நியாயத்தை என் வீட்டு வாசலுக்குக் கொண்டுவராதீர்கள். நோர்வே மேப்பிள் ஐரோப்பாவிலிருந்து வந்த மரம். டச்சு எல்ம் நோயில் வீதியோர எல்ம் மரங்கள் செத்துப்போன பிறகு அந்த இடத்தில் நட்டது. இந்த மண்ணின் புழுக்கள் அதைப் பெரிதாகத் தின்பதில்லை. இப்போது பள்ளத்தாக்குக் காடுகளுக்குள் புகுந்து உள்ளூர் மரக்கன்றுகளை நெருக்குகிறது என்று உங்கள் ஆட்களே திட்டுகிறார்கள். மரத்தைத் திட்டிவிட்டு அதன் சருகைக் கும்பிடச் சொல்கிறீர்களா?

அதோடு, என் இலை ஒவ்வொன்றிலும் கறுப்புப் புள்ளி. விரலால் தடவினால் தடிப்பாகத் தட்டுப்படும். தார்ப்புள்ளி நோய் என்கிறார்கள். அந்தப் பூஞ்சணம் விழுந்த இலையிலேயே குளிர்காலத்தைக் கழித்து, வசந்தத்தில் வித்துக்களைக் காற்றில் ஏற்றிப் புது இலைக்கு அனுப்புகிறது. இலையை அப்படியே விட்டால் நோயைத்தான் வளர்க்கிறேன். இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

காட்டுப்பூ

தார்ப்புள்ளி மரத்தைக் கொல்லாது, பார்வைக்குத்தான் அசிங்கம். உங்கள் ஒரு வீட்டில் கூட்டி அள்ளினாலும் வீதி நெடுக அதே மரம் நிற்கிறது. ராணித் தேனீக்கு வேண்டியது சாப்பாடு அல்ல, மேலே ஒரு மூடல். அது எந்த நாட்டு மரத்தின் இலையென்று அவள் கேட்கப்போவதில்லை.

மதுரைக்காரன் (எட்டோபிக்கோ)

குறுக்கே வருவதற்கு மன்னிக்கணும். ஊரில் பங்குனியில் வேப்பிலை கொட்டினால் காலையிலே கூட்டி, மூலையில் குவித்து, ஒரு தீக்குச்சியோடு முடித்துவிடுவார் எங்க தாத்தா. இங்கே ஒரு சருகுக்கு இவ்வளவு பஞ்சாயத்தா?

புல்வெட்டி (பிக்கரிங்)

ஊர் நினைப்பில் இங்கே கொளுத்திவிடாதீர்கள் தம்பி. ரொறன்ரோவில் திறந்தவெளியில் எரிக்கத் தடை. முதலில் தீயணைப்பு வண்டி வரும், அப்புறம் கடதாசி வரும்.

எனக்கு இதுதான் தொழில். இலை காலத்தில் மட்டும் எத்தனை வளவு கூட்டுகிறேன் என்று நானே எண்ணுவதில்லை. நீங்கள் இருவரும் முற்றத்தைப் பற்றிச் சண்டை பிடிக்கிறீர்கள், வீதியில் நடப்பதை ஒருவரும் பேசவில்லை. பை கட்டப் பஞ்சிப்பட்டு ராவோடு ராவாக இலையை வீதிக்குத் தள்ளிவிடும் ஆட்கள் எத்தனை பேர்! அது சட்டப்படி பிழை என்பது ஒரு பக்கம். மழை பெய்தால் வடிகால் வாய் அடைத்து வீதியில் குளம் கட்டும். அடைக்காவிட்டாலும் நல்லதில்லை. தேயிலைப் பையை வெந்நீரில் போட்டதுபோல இலையிலுள்ள பொஸ்பரஸ் மழைநீரில் ஊறி இறங்கும். அந்த வடிகால் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போவதில்லை, ஓடைக்கும் ஏரிக்கும் நேரே போகிறது. ஏரியில் பாசி பிடிக்க அது போதும். அமெரிக்காவில் விஸ்கொன்சின் மாநிலத்து மடிசன் நகரில் புவியியல் ஆய்வுத் துறை இதை அளந்தது. ஒரு பகுதியில் மழைக்கு முன் வீதி இலையைத் துப்புரவாக அகற்றினார்கள், இன்னொரு பகுதியில் விட்டுவிட்டார்கள். அகற்றிய பக்கம் இலையுதிர் காலத்து மழைநீரில் போன பொஸ்பரஸ் 84 சதவீதம் குறைந்தது. 2016இல் வெளியான முடிவு. ஆகவே வீதியிலும் ட்ரைவேயிலும் கிடக்கும் இலைக்கு விவாதமே கிடையாது, அள்ளத்தான் வேண்டும்.

புல்லுக்கு வருவோம். நோர்வே மேப்பிள் இலை அகலம், தட்டை. நனைந்தால் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிப் பாய் மாதிரிப் படுத்துவிடும். அதன்மேல் ஸ்நோ விழுந்தால் ஏப்ரலில் தூக்கிப் பார்க்கும்போது அடியில் சாம்பல் நிறப் பூஞ்சணமும் செத்த புல்லும்தான் இருக்கும். அதற்காக எல்லாவற்றையும் அள்ளவும் தேவையில்லை. காய்ந்த நாளில் புல்வெட்டும் மெசினை உயர்த்தி வைத்து, இலைமேல் இரண்டு மூன்று முறை குறுக்கும் நெடுக்குமாக ஓட்டுங்கள். இலை சல்லி சல்லியாகிப் புல்லின் இடுக்கில் இறங்கும். புல் நுனி கண்ணுக்குத் தெரிந்தால் போதும். மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் இதைப் பல வருஷம் செய்து பார்த்தார்கள். புல் கெடவில்லை, டான்டெலியன் களையும் குறைந்தது. பையும் மிச்சம், முதுகும் மிச்சம்.

காட்டுப்பூ

அண்ணை, வீதி இலை பற்றிச் சொன்னதில் எனக்குச் சண்டையில்லை. ஆனால் மெசின் அந்தக் கம்பளிப்புழுவையும் சல்லி ஆக்கும். பைக்குள் போனால் ஒரு சாவு, பிளேடுக்குள் போனால் இன்னொரு சாவு. நான் புல்மேல் விடச் சொல்லவில்லையே. றேக்கால் மெல்ல இழுத்து மரத்தடிக்கும் பூச்செடிப் பாத்திக்கும் வேலியோரத்துக்கும் தள்ளிவிடுங்கள். அங்கே முழு இலையாகவே கிடக்கட்டும்.

அதோடு காற்றடித்து இலையைத் தள்ளும் உங்கள் புளோவர்! கலிபோர்னியாவின் காற்று வள வாரியம் ஒரு கணக்குச் சொல்கிறது. பெற்றோலில் ஓடும் தொழில்முறை புளோவரை ஒரு மணித்தியாலம் ஓட்டினால் புகைமூட்டத்துக்குக் காரணமான மாசு எவ்வளவு வருமோ, அதே அளவு வர ஒரு ரொயோட்டா கம்ரி காரை ஏறத்தாழ 1,770 கிலோமீற்றர் ஓட்ட வேண்டுமாம். வாஷிங்டன் டி.சி.யில் 2022இலிருந்தே அதற்குத் தடை.

புல்வெட்டி

அந்தக் கணக்கை எனக்குச் சொல்லாதீர்கள் தங்கச்சி, அந்தப் புகையை முதலில் குடிப்பவன் நான். உங்கள் ஜன்னலுக்கு அந்தச் சத்தம் பத்து நிமிஷம், என் காதுக்கு முழுநாள். பட்டறியில் ஓடுவது நல்லதுதான். நனைந்த இலையைத் தள்ளும் பலத்தோடு ஒரு நாளுக்குத் தேவையான பட்டறிகளும் வாங்கினால் ஒரு சீசன் உழைப்பு போய்விடும். றேக்கால் செய்கிறேன், நேரம் கூடும், காசும் கூடும் என்று சொல்லிப் பார்த்தேன். "அந்த மற்ற ஆள் மலிவு" என்று போனை வைத்தவர்களில் மின்சாரக் காரை ட்ரைவேயில் நிறுத்தியிருந்தவர்களும் உண்டு. ஒரு இலை மிஞ்சினால் படம் எடுத்து அனுப்புகிறார்கள். முதலில் அவர்களைத் திருத்துங்கள், நான் தன்னாலே திருந்துவேன்.

ரூஜ்கரை (ஸ்காபரோ)

ஒருவரும் உண்ணியைப் பற்றிப் பேசவில்லை. எங்கள் பின்வளவு முடியும் இடத்தில் ரூஜ் பூங்காவின் காடு தொடங்குகிறது. அங்கே கறுப்புக்கால் உண்ணி இருக்கிறது, லைம் நோயைக் காவுவது அதுதான். ரொறன்ரோ பொதுச் சுகாதாரத் துறையே இந்தப் பக்கத்தைக் குறிப்பிட்டு எச்சரிக்கிறது. குளிர் வந்தால் செத்துவிடும் என்று நினைக்க வேண்டாம். வெப்பநிலை 4 பாகை செல்சியஸுக்கு மேலே போனால் நவம்பரிலும் அது நடமாடும். ஈரச் சருகு அதற்கு வீடு. வெயில் படும் காய்ந்த, கட்டையாக வெட்டிய புல்லில் அதனால் நெடுநேரம் தாங்க முடியாது.

எனக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள். சருகுக் குவியலைக் கண்டால் குதிக்காத பிள்ளை இந்த நாட்டில் உண்டா? நான் முழுவதும் அள்ளுகிறேன். காட்டுக்கும் புல்லுக்கும் நடுவில் ஒரு மீற்றர் அகலத்துக்கு மரச்சீவலும் பரப்பி வைத்திருக்கிறேன். பூச்சிகளுக்கு வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு காடே இருக்கிறது.

காட்டுப்பூ

உங்கள் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்வேன் அக்கா. ஆனால் அது காட்டோர வீட்டுக்கு. நாலு பக்கமும் கொங்கிறீற் சூழ்ந்த முன்முற்றம் அண்ணைக்கு அந்தப் பயத்தைக் கடன் கொடுக்காதீர்கள்.

முன்முற்றம்

கடன் வாங்கவில்லை, எனக்கு என் நியாயமே போதும். மரத்தடிக்குத் தள்ளு, பாத்திக்குத் தள்ளு என்கிறீர்கள். என் முன்வளவின் அகலம் ஒரு கார் நிற்கும் அளவு. மரத்தடியில் ஒரு சாண் உயரம் போட்டாலும் மிச்சம் எங்கே போகும்? இந்த "இலையை விடு" என்ற பேச்செல்லாம் பெரிய காணிக்காரருக்கு. ஐம்பது அடி மரமும் இருபது அடி முற்றமும் வைத்திருப்பவனுக்கு வண்டிதான் வழி. பையில் போவதும் வீணாகவில்லையே, சிற்றி அதைக் கொம்போஸ்ட் ஆக்குகிறது.

பாகற்கொடி (மார்க்கம்)

பிள்ளைகள் எல்லாரும் இலையைத் தொலைக்கிற வழியைத்தான் பேசுகிறீர்கள். நான் ஒவ்வொரு வருஷமும் இலைக்கு அலைகிறவள். இலை இல்லாமல் இந்தக் களிமண்ணில் பாகலும் புடோலும் எங்கே காய்க்கும்?

கோழிக்கூட்டுக் கம்பி வலையை ஒரு மீற்றர் அகலத்துக்கு வட்டமாக வளைத்து வேலியோரம் நிறுத்துங்கள். உள்ளே இலையைப் போட்டு, மிதித்து, ஹோஸால் நன்றாக நனையுங்கள். அவ்வளவுதான் வேலை. முழு இலை என்றால் மக்க இரண்டு வருஷம் வரை போகும். புல்வெட்டித் தம்பி சொன்னபடி மெசினில் வெட்டிப் போட்டால் அடுத்த ஒக்ரோபரிலேயே கறுத்து, கையில் பொலபொலவென்று உதிரும், மழை பெய்த காட்டு வாசம் அடிக்கும். அது பசளை இல்லை, அந்த நம்பிக்கையில் போடாதீர்கள். மரம் இலையை விழுத்துவதற்கு முன்பே நைதரசனில் பெரும்பகுதியை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஆனால் களிமண்ணை இளக்கும், ஓகஸ்ட் வெயிலில் ஈரத்தைப் பிடித்து வைக்கும். மே மாதத்தில் விக்டோரியா டே விடுமுறை கழிந்து கன்றை வெளியே நடும்போது குழிக்கு இரண்டு கை போடுவேன். பசளை வேண்டுமென்றால் கோப்பிச் சக்கையும் மரக்கறித் தோலும் கலந்து தனியாகக் கொம்போஸ்ட் போடுங்கள்.

இப்போது ஒக்ரோபரில் உள்ளி (பூண்டு) நட்டிருக்கிறேன். அதன்மேல் ஒரு சாண் உயரத்துக்கு இலை போட்டால்தான் மண் உறைவதும் இளகுவதுமாகப் பல்லை மேலே தள்ளாது. என் வளவில் இருப்பது ஒரு சின்னச் செரி மரம், அதன் இலை ஒரு பாத்திக்கும் காணாது. முன்முற்றம் தம்பி, அந்தப் பைகளை வீதியோரம் வைக்காதீர்கள். வான் வண்டியோடு வருகிறேன்.

முன்முற்றம்

அக்கா, தாராளமாக வாருங்கள். ஆனால் கறுப்புப் புள்ளி போட்ட இலை. உங்கள் கத்தரிக்கும் வெண்டிக்கும் பிடித்துக்கொண்டால் என்னைத் திட்டக்கூடாது.

பாகற்கொடி

அது மேப்பிளை விட்டு மரக்கறிக்குத் தாவாது. எனக்குப் பயம் கறுப்பு வால்நட் இலைக்குத்தான். உங்கள் வீதியில் அந்த மரம் இருந்தால் கலக்காமல் பாருங்கள். அதிலிருக்கும் நஞ்சு தக்காளியை வாட்டிவிடும்.

காட்டுப்பூ

அப்போ கம்பளிப்புழுக்கள் மார்க்கத்துக்கு இடம்பெயர்கின்றன. அக்கா, உள்ளிப் பாத்திமேல் போடுவதை மெசினில் வெட்டாமல் போடுவீர்களா?

பாகற்கொடி

உள்ளிக்கு வெட்டாமல் போடுவேன். வலைக்குள் போவதை வெட்டத்தான் வேண்டும் பிள்ளை, எனக்கு இரண்டு வருஷம் காத்திருக்க ஏலாது.

முன்முற்றம்

பார்த்தீர்களா, கடைசியில் கூட்டி அள்ளிப் பையில் போட்டவனிடம்தான் எல்லாரும் வருகிறீர்கள். கிடக்க விட்டிருந்தால் அக்காவுக்கு எங்கே இலை?

காட்டுப்பூ

அதற்குள் தீர்ப்பு எழுதிவிட்டீர்கள். பக்கத்து வீட்டுக்காரர் கிடக்க விட்டதால்தானே உங்கள் பை நிறைந்தது.

புல்வெட்டி

சண்டையைத் தொடருங்கள், ஆனால் பை வெளியில் நின்றால் இன்றிரவே கராஜுக்குள் இழுத்துவிடுங்கள். நாளை மழை. காகிதப் பை நனைந்தால் தூக்கும்போது அடி கழன்று விழும், பை ஒன்றுக்கு 20 கிலோ தாண்டினாலும் வண்டிக்காரர் தொடமாட்டார். அக்கா வானோடு வருவதென்றால் ஒரு தறப்பாளும் கொண்டுவாருங்கள்.