ஸ்பால்டிங்கின் 204 வெற்றிகள்: பிட்ச்சரின் பங்கு எவ்வளவு?

பழங்கணக்கு (கேள்வி):
அமெரிக்காவின் முதல் தொழில்முறை பேஸ்பால் லீகான நேஷனல் அசோசியேஷன் 1871 முதல் 1875 வரை நடந்தது. அந்த ஐந்து பருவங்களிலும் அதிக வெற்றிகளைக் குவித்த பிட்ச்சர் (பந்து வீசுபவர்; அணியின் வெற்றி இவர் கணக்கில் எழுதப்படும்) பாஸ்டன் ரெட் ஸ்டாக்கிங்ஸின் ஆல் ஸ்பால்டிங்தான்: முறையே 19, 38, 41, 52, 54. கடைசிப் பருவத்தில் அவர் தோற்றவை ஐந்தே ஆட்டங்கள் என்பதை நம்பவே தயக்கமாக இருக்கிறது. இவற்றில் அவருடைய திறமை எவ்வளவு, அணியின் வலிமை எவ்வளவு என்பதை விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மூன்றாம்தளம்:
எண்ணிக்கையைக் கண்டு மலைக்க வேண்டியதில்லை. அன்று பிட்ச்சர் 45 அடி தொலைவிலிருந்து, கையை இடுப்புக்கு மேலே உயர்த்தாமல் வீச வேண்டும். பந்து உயரமாக வர வேண்டுமா தாழ்வாக வர வேண்டுமா என்று கேட்டுப் பெறும் உரிமையும் மட்டையாளருக்கு இருந்தது. தோளுக்கு அவ்வளவு பளு இல்லாததால் ஒருவரே ஏறக்குறைய எல்லா ஆட்டங்களிலும் வீசினார். 1874இல் பாஸ்டன் வென்ற 52 ஆட்டங்களும் ஸ்பால்டிங்கின் பெயரில்தான் இருக்கின்றன. அதே ஆண்டு நியூயார்க் மியூச்சுவல்ஸ் வென்ற 42 ஆட்டங்களும் பாபி மாத்யூஸின் கணக்கில் சேர்ந்தன. ஆகவே அணியின் வெற்றிப் பட்டியலைத்தான் நாம் பிட்ச்சரின் பெயரில் படித்துக்கொண்டிருக்கிறோம்.

வெண்பந்து:
மேலே உள்ளவர் சொல்வது பெரும்பாலும் சரிதான் என்றாலும், 1875ஐ அப்படி ஒதுக்கிவிட முடியாது. அந்த ஆண்டு பாஸ்டன் 71 வென்று 8 மட்டுமே தோற்றது. ஜாக் மேனிங்கும் அவ்வப்போது வீசியதால் ஸ்பால்டிங்கின் பங்கு 54இல் நின்றது. மறுபக்கம், அவருக்குப் பின்னே ஜார்ஜ் ரைட், ராஸ் பார்ன்ஸ் போன்றவர்கள் களத்தில் நின்றார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. கையுறையின்றிப் பந்தைப் பிடித்த காலத்தில் நல்ல உள்களத்தார் (தளங்களை ஒட்டி நிற்பவர்கள்) காப்பாற்றித் தரும் ஓட்டங்கள் இன்றைவிட மிக அதிகம்.

1876இல் ஸ்பால்டிங், பார்ன்ஸ், கேட்சர் (மட்டையாளருக்குப் பின்னே பந்தைப் பிடிப்பவர்) டீக்கன் ஒயிட், கால் மெக்வே ஆகிய நால்வரும் சேர்ந்தே புதிய நேஷனல் லீகின் சிகாகோ அணிக்குப் போனார்கள். அங்கே ஸ்பால்டிங் 47 வென்றார், சிகாகோ பட்டம் வென்றது, பாஸ்டன் நான்காம் இடத்துக்கு இறங்கியது. அவர் மட்டும் தனியாகப் போயிருந்தால் உங்கள் கேள்விக்கு நேரான விடை கிடைத்திருக்கும். நால்வரும் ஒன்றாகப் போனதால் பங்கைப் பிரித்துச் சொல்ல வழியில்லை.

பழங்கணக்கு:
மிக்க நன்றி. அப்படியானால் வெற்றிப் பட்டியல்களில் இந்த 204 ஏன் பல இடங்களில் காணப்படுவதில்லை?

மூன்றாம்தளம்:
ஆட்ட அட்டவணை ஒழுங்கற்றது என்பது போன்ற காரணங்களைக் காட்டி, 1969இல் கூடிய பேஸ்பால் ஆவணக் குழு நேஷனல் அசோசியேஷனை மேஜர் லீகாக, அதாவது உச்சநிலை லீகாக, ஏற்க மறுத்தது. அதனால்தான் பல பட்டியல்கள் அதன் வெற்றிகளைச் சேர்ப்பதில்லை. சில அணிகள் பருவத்தின் பாதியிலேயே கலைந்துபோனது உண்மைதான். ஆனால் இதனால் உண்மையில் நஷ்டப்பட்டவர் மாத்யூஸ் என்பது என் கருத்து. 1871 மே 4 அன்று ஃபோர்ட் வேனில் நடந்த லீகின் முதல் ஆட்டத்தில் கிளீவ்லாந்தை 2–0 என்று ஓட்டமே எடுக்கவிடாமல் வென்றவர் அவர். இந்த லீகில் பெற்ற 131 வெற்றிகளைச் சேர்த்தால் அவருடைய மொத்தம் 297, சேர்க்காவிட்டால் 166. ஸ்பால்டிங் 1939இலேயே பேஸ்பால் புகழ் மண்டபத்துக்குள் போய்விட்டார். மாத்யூஸுக்கு அங்கே இன்னும் இடம் கிடைக்கவில்லை.