கும்பகோணத்தில் ஒன்பது அறை விடுதி: சூழலுக்குக் கேடில்லாமல் நடத்த எதில் தொடங்குவது?

கேள்வி: கொல்லைக்கிணறு (கும்பகோணம்)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் தாத்தா காலத்து வீட்டை ஒன்பது அறைகள் கொண்ட சிறு விடுதியாக மாற்றும் வேலை நடந்துகொண்டிருக்கிறது. திண்ணை, ரேழி, கூடம், நடுவில் முற்றம், பின்னால் கிணற்றோடு கூடிய கொல்லை என்று பழைய அமைப்பு அப்படியே இருக்கிறது. நவக்கிரகக் கோயில்களுக்கு வருகிறவர்கள் ஓரிரண்டு இரவு தங்கிச் செல்வார்கள் என்பது எங்கள் கணக்கு. 2028 மகாமகத்துக்குள் விடுதி நன்றாகக் காலூன்றிவிட வேண்டும் என்று நினைக்கிறோம்.

முற்றத்தின் மேல் பாலிகார்பனேட் தகடு போட்டு மூடிவிட்டுக் கூடத்துக்கும் ஏசி வைத்துவிடலாம் என்கிறார் கட்டட ஒப்பந்தக்காரர். ஆலோசனை சொல்ல வந்த இன்னொருவரோ மூங்கில் பல்துலக்கி, விதைப் பென்சில், சணல் பை என்று நீண்ட பட்டியல் ஒன்றைக் கொடுத்திருக்கிறார். கையில் உள்ள பணம் அளவானது. தண்ணீர், மின்சாரம், குப்பை ஆகியவை உண்மையாகவே குறைய வேண்டுமானால் முதல் செலவை எதில் செய்வது? நடத்திப் பார்த்தவர்கள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

பதில் 1: திருவையாற்றுக்காரன்

ஐயா, முற்றத்தை மட்டும் மூடிவிடாதீர்கள். நான் மூடியவன் என்பதால் இதை அழுத்தமாகச் சொல்கிறேன். கோடை வெயிலில் தகட்டின் அடியில் சூடு தங்கி, பிற்பகல் மூன்று மணிக்குக் கூடத்தில் உட்கார முடியாமல் போனது. தாளிக்கிற வாடை இரவுவரை வெளியேறவில்லை. அறைகளில் ஏசி முன்பைவிடக் கூடுதல் நேரம் ஓடியது. இரண்டாம் ஆண்டு தகட்டைக் கழற்றிவிட்டு, குரங்குக்கும் புறாவுக்கும் தடையாகக் கம்பிவலை மட்டும் போட்டேன். சூடான காற்று முற்றத்தின் வழியே மேலே ஏறிப் போகும்போது திண்ணைப் பக்கமும் கொல்லைப் பக்கமும் இருந்து காற்று உள்ளே இழுக்கப்படுகிறது. அந்த வழியை அடைத்துவிட்டு மின்சாரத்தைச் சேமிக்க முடியாது. ஏசியைப் படுக்கை அறைகளோடு நிறுத்தி, 24 பாகையில் வையுங்கள். மின்விசிறிகளை பிஎல்டிசி வகையாக வாங்கினால், சாதாரண விசிறி 75 வாட் இழுக்கும் இடத்தில் 30 வாட் அளவில் முடிந்துவிடும்.

மழைநீரும் முற்றத்துக்குத்தான் வருகிறது. இரண்டாயிரம் சதுர அடிக் கூரையில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால், ஏறத்தாழ ஒன்பதாயிரம் லிட்டர் விழுகிறது. ஐப்பசி, கார்த்திகையில் அப்படிப்பட்ட நாள்கள் நமக்குப் புதியவை அல்ல. இரண்டு கூரைச் சரிவுகள் சேரும் கூடல்வாயிலிருந்து கொட்டுகிற நீரை அந்தக் காலத்தில் அண்டா வைத்துப் பிடித்தார்கள். மீதி சலதாரை வழியே வெளியேறியது. அந்தச் சலதாரையைக் கூழாங்கல்லும் மணலும் நிரப்பிய வடிகட்டித் தொட்டிக்குத் திருப்பி, பருவத்தின் முதல் மழையை மட்டும் தெருவுக்கு விட்டுவிட்டு, பிறகு வருவதைக் கிணற்றில் இறக்குங்கள். 2003 முதல் மழைநீர்ச் சேகரிப்பு நம் மாநிலத்தில் கட்டாயம்தான் என்றாலும், பல கட்டடங்களில் அது சுவரோரக் குழாயாக மட்டுமே நிற்பதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது.

பதில் 2: சலவைக்கட்டு (தஞ்சாவூர்)

பன்னிரண்டு அறை விடுதி ஒன்றில் அறைப் பராமரிப்பைக் கவனித்து வருகிறேன். சகோதரர் முதல் செலவாகத் தண்ணீர் மீட்டர் வாங்க வேண்டும்: குளியலறைக் குழாய்க்கு ஒன்று, சலவைக்கு ஒன்று, சமையல்கட்டுக்கு ஒன்று. நாங்கள் மீட்டர் வைத்த முதல் வாரத்திலேயே, ஆளே தங்காத இரவிலும் முள் நகர்வதைப் பார்த்தோம். ஒவ்வொரு கழிப்பறைத் தொட்டியிலும் சில துளி சொட்டு நீலம் விட்டுக் கால்மணி நேரம் காத்திருந்தபோது, யாரும் அழுத்தாமலே மூன்று அறைகளில் பீங்கானுக்குள் நீலம் இறங்கியது. வாஷர் மாற்றியதோடு அந்த ஒழுக்கு நின்றது.

அடுத்தது துணி. கோயிலுக்குப் போய் வருகிறவர்களின் நெற்றியில் குங்குமமும் சந்தனமும் இருக்கும். வெள்ளைத் தலையணை உறையில் அந்தக் கறை ஏறினால் பிளீச் போடாமல் போகாது, பிளீச் போட்டால் துணி ஓராண்டுகூடத் தாங்காது. அரக்கு நிறக் கைத்தறி உறைகளுக்கு மாறிய பிறகு பிளீச் வாங்குவதையே ஏறக்குறைய நிறுத்திவிட்டோம். இதைச் சொன்னவர் எங்கள் சலவைக்கட்டில் வேலை செய்கிற அம்மாதான். ஆகவே திட்டம் போடும்போது துவைக்கிறவரையும் துடைக்கிறவரையும் உட்கார வைத்துக் கேளுங்கள். ‘துண்டை மாற்ற வேண்டாம்’ என்று அட்டை அச்சடிப்பதைவிட, சாவி கொடுக்கும்போதே, கொடியில் தொங்கும் துண்டை எடுக்க மாட்டோம் என்று வாயால் சொல்லிவிடுவது நன்றாக எடுபடுகிறது.

பிளீச் கலக்காத குளியல் நீரைக் கல்வாழைப் பாத்திக்கு விடலாம். ஆனால் ஆற்றில் தண்ணீர் ஓடி மழையும் சேரும் மாதங்களில் டெல்டாவில் கிணறு மேலேறி நிற்கும் என்பதால், பாத்தியும் கழிவுநீர்த் தொட்டியும் கிணற்றை விட்டு எவ்வளவு தள்ளி இருக்க முடியுமோ அவ்வளவு தள்ளி இருக்கட்டும்.

பதில் 3: வாழையிலை (மயிலாடுதுறை)

குடிநீரைப் பற்றி மட்டும் சொல்கிறேன். 2019 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ள பிளாஸ்டிக் தடையில் தண்ணீர்ப் புட்டி சேரவில்லை. ஆகவே அதை நிறுத்துவது உங்கள் சொந்த முடிவாகத்தான் இருக்க வேண்டும். முதலில் நீரைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருந்து, மற்ற அளவுகளும் சரியாக இருந்தால், ஆர்ஓ இல்லாமல் வடிகட்டியும் புறஊதா விளக்கும் போதும். ஆர்ஓ வைத்தால் குடிக்கக் கிடைப்பதைவிடக் கழிவாகப் போகிற நீர் பெரும்பாலும் அதிகமாக இருக்கும். அப்படி வைத்தே ஆக வேண்டுமென்றால் கழிவு நீரைத் தரை துடைக்க வைத்துக்கொள்ளுங்கள், உப்பு ஏறியிருப்பதால் செடிக்கு ஊற்ற வேண்டாம். இயந்திரத்தைக் கூடத்திலேயே எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்து, கண்ணாடிப் புட்டிகளை விருந்தினர் முன்னால் நிரப்பிக் கொடுங்கள். மறைவில் நிரப்பிய புட்டியை நம்பாமல் கடைக்குப் போகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

சாப்பிட்ட இலை மாட்டுக்குப் போவதானால், பல்குத்தும் குச்சியும் ஊறுகாய்ப் பொட்டலமும் அதில் ஒன்றுகூடக் கலக்கக் கூடாது. எங்கள் வீட்டுக் கன்று ஒன்றை அப்படி இழந்தோம்.

கேட்டவர்: கொல்லைக்கிணறு

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. தகடு வேலையை நேற்றே நிறுத்தச் சொல்லிவிட்டேன். மூன்று மீட்டர்களுக்கும் சொல்லியாயிற்று, பல்துலக்கிப் பட்டியலைத் தள்ளி வைத்திருக்கிறேன். இன்று காலை கொத்தனார் முற்றத்து மூலையில் பிற்காலத்தில் பூசிய சிமெண்டைப் பெயர்த்தபோது, கொல்லையை நோக்கிச் சரிவாகப் போகும் கருங்கல் சலதாரை ஒன்று அடியில் தெரிந்தது. ஒரு குடம் தண்ணீர் ஊற்றிப் பார்த்தோம். கொஞ்ச தூரம் ஓடி, மண் அடைத்த இடத்தில் நின்றுவிட்டது. நாளை அதைத் தோண்டி எடுக்கிறோம்.