ஆறு தண்ணீர், ஆறு நிறம்: உங்கள் சோதனைத் துண்டுகளின் கதையைச் சொல்லுங்கள்

நூல்கண்டு (சென்னை):

மூன்று வருஷத்துக்கு முன்னால் நடந்தது. என் வேலை போகும் வழியை இன்றைக்கும் அதுதான் தீர்மானிக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நாற்பது பருத்தித் துப்பட்டா, இயற்கைச் சாயம். கடுக்காய், படிகாரம், மாதுளை ஓடு மூன்றும் சேர்ந்து தரும் மஞ்சள். சென்னையில் என் வீட்டு அடுப்பில், கேன் தண்ணீரில் போட்ட மாதிரித் துண்டு உருக்கின நெய் நிறத்தில் வந்திருந்தது. கேட்டவருக்கும் பிடித்துவிட்டது. மொத்தச் சாயத்தைச் சீர்காழிப் பக்கம் ஒரு கிராமத்தில் வைத்துக்கொண்டோம். அங்கே இடம் உண்டு, வெயில் உண்டு, விறகு உண்டு. அதே பொடி, அதே அளவு: கிலோ துணிக்கு 200 கிராம் கடுக்காய்த்தூள். அண்டாவிலிருந்து முதல் துணியைக் கோலால் தூக்கினேன். மஞ்சளைக் காணோம். மழையில் நனைந்து கிடந்த வைக்கோல் மாதிரி, பச்சையும் சாம்பலும் கலந்து மங்கியிருந்தது. படிகாரத்தைக் கூட்டிப் பார்த்தேன், மாதுளை ஓட்டைக் கூட்டிப் பார்த்தேன். மங்கல்தான் கூடியது. ஆர்டர் கைவிட்டுப் போய்விட்டது.

அன்று சாயங்காலம் டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். கிளாஸை நீட்டிய கடைக்காரர் என் கையைப் பார்த்தார். நகக்கண் எல்லாம் கறுத்திருந்தது. "எந்தத் தண்ணிம்மா எடுத்தீங்க? அந்த போர் தண்ணியா? அதுல டீ போட்டா மையாட்டம் கறுத்துடும். நான் அந்தாண்ட கிணத்துலேருந்துதான் குடத்துல எடுத்தாறேன்" என்றார். சொன்னதோடு விடவில்லை. இரண்டு கிளாஸில் டிகாஷன் ஊற்றி, ஒன்றில் கிணற்றுத் தண்ணீரும் மற்றதில் போர் தண்ணீரும் விட்டுக் காட்டினார். ஒன்று தேன் நிறத்தில் நின்றது. மற்றது கண்ணெதிரே கறுத்தது.

டீத்தூளில் இருப்பதும் துவர்ப்பு, கடுக்காயில் இருப்பதும் துவர்ப்பு. அந்த போர் தண்ணீரில் இரும்பு இருந்திருக்கிறது. துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் கறுப்பு என்று படித்திருக்கிறேன், பரீட்சையிலும் எழுதியிருக்கிறேன். ஆனால் தண்ணீரை ஒரு சாயப்பொருளாக நான் ஒருநாளும் நினைத்ததில்லை. பொடியை கிராம் கணக்கில் நிறுத்துவேன், தண்ணீரைக் குழாயில் பிடித்துக்கொள்வேன்.

அடுத்த நாலு நாள் ஊருக்குப் போகவில்லை. போர், கிணறு, கோயில் குளம், வாய்க்கால், தாழ்வாரத்தில் அண்டா வைத்துப் பிடித்த மழைத் தண்ணீர், சென்னையிலிருந்து கொண்டுபோன கேன் தண்ணீர். துணி ஒன்றே, பொடி ஒன்றே, கொதிக்கும் நேரமும் ஒன்றே. சீட்டு எழுதிக் குத்தினால் நனைந்து அழியும், அதனால் துண்டின் ஓரத்தில் நூல் முடிச்சு போட்டேன்: போருக்கு ஒன்று, கிணற்றுக்கு இரண்டு, அப்படியே ஆறு வரை. காய்ந்ததும் திண்ணையில் வரிசையாக விரித்தேன். மழைத் தண்ணீர்த் துண்டு கேன் துண்டைவிடத் தெளிவான மஞ்சள். கிணறு கொஞ்சம் கரிப்பு, அதில் பழுப்பு ஏறியிருந்தது. குளத்துத் துண்டு மட்டும் எதிலும் சேராமல், எலுமிச்சைத் தோல் வாடினால் வருமே, அந்த நிறம். அதற்கான காரணத்தை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

அன்றிரவு அந்த ஆறையும் நீளவாக்கில் சேர்த்துத் தைத்தேன். ஒரு ஊரின் தண்ணீர் எல்லாம் ஒரே துணியில். நான் இதுவரை செய்த மேல்துண்டுகளில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். நோட்டில் பென்சிலால் வரைந்து யோசித்திருந்தால் அது எனக்கு வந்திருக்கவே வராது.

உங்களுக்கு எது கைகொடுத்தது? எழுதுங்கள்.

கலம்காரி வீடு (கும்பகோணம் பக்கம்):

அக்கா, உங்கள் போர் தண்ணீர் லேசாகச் செய்ததை நாங்கள் கலம்காரியில், அதாவது துணியில் எழுதுகோலால் படம் எழுதும் வேலையில், பானையில் வேண்டுமென்றே செய்கிறோம். கசிமி என்போம். துருப்பிடித்த இரும்புத் துண்டு, வெல்லம், தண்ணீர். இரண்டு மூன்று வாரம் புளிக்க விட வேண்டும். வடிகட்டினால் கலங்கல் தண்ணீர் போலத்தான் இருக்கும். கடுக்காய் ஏற்றிய துணியில் எழுதுகோலால் தொட்டால்தான் கறுப்பு விழும். அப்பா ஒரு சொட்டுத் தொட்டு வைத்துவிட்டு அது எவ்வளவு வேகமாகக் கறுக்கிறது என்று பார்த்தே பானை தயாரா இல்லையா என்று சொல்லிவிடுவார்.

ஒரு எச்சரிக்கை, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இரும்பு கூடினால் துணி இத்துப்போகும். பழைய கோயில் தொம்பைகளை, அதுதான் கோயிலில் தொங்கவிடும் உருளை வடிவத் துணிகளை, கிட்டத்தில் பாருங்கள். சிவப்பு அப்படியே இருக்கும், கறுப்புக் கோடு ஓடின இடம் மட்டும் பொடிந்து விழுந்திருக்கும். உங்கள் சாம்பல் துண்டை வெயிலிலும் ஈரத்திலும் மாற்றி மாற்றி வைத்து, சில மாதம் கழித்து இழுத்துப் பாருங்கள். அப்புறம் விற்றுக்கொள்ளலாம்.

என் சோதனை பாலில். கடுக்காய்ச் சாற்றோடு எருமைப்பால் சேர்த்துத் துணியைத் தோய்ப்போம், கோடு படராமல் நிற்பது அந்தக் கொழுப்பால்தான். ஒருநாள் எருமைப்பால் கிடைக்கவில்லை, பாக்கெட் பால் ஊற்றினேன், அதிலும் கொழுப்பு குறைத்த பால். கோடு போட்ட இடத்தில் மை ஊறி, ஓரம் எல்லாம் பூனை முடி மாதிரி சிலிர்த்துக்கொண்டது. துணியைத் தூக்கி எறியப் போனேன். அந்தச் சிலிர்ப்பைப் பார்த்தபோது ஆற்றங்கரையில் விடியற்காலையில் பனி கிடப்பது ஞாபகம் வந்தது. அதற்கப்புறம் பாலைத் தண்ணீர் விட்டுப் பல பக்குவத்தில் கலந்து, எந்தப் பக்குவத்துக்கு எவ்வளவு படர்கிறது என்று ஒரு முழத் துணி நிறையக் கோடு கோடாக இழுத்து வைத்திருக்கிறேன். மேகம், தண்ணீர், புகை இதற்கெல்லாம் இப்போது அதுதான்.

அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. "சாமி துணியில கோடு நிக்கணும்டா" என்றார். அவர் சொல்வது நியாயம்தான். பத்தடி உயரத்தில் தொங்கும் தொம்பையைக் கீழே நின்று பார்ப்பவருக்குக் கோடுதான் சாமியைக் காட்டும். அதனால் கோயில் வேலைக்கு எருமைப்பால், என் வேலைக்குப் பாக்கெட் பால். கருப்பூர் கலம்காரிக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது எங்களுக்கெல்லாம் பெருமை. ஆனால் பழைய உருவை அப்படியே எழுதிக்கொண்டிருந்தால் மட்டும் போதாது என்று எனக்குத் தோன்றுகிறது.

மூணு சேலை பாவு (காஞ்சிபுரம்):

படிக்கவே ஆசையாக இருக்கிறது. எங்களுக்கு அந்த வசதி கிடையாது. ஒரு பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் போகும் நூல், ஏற்றினால் மூன்று சேலை. பட்டு விலைக்கு, ஜரிகை விலைக்கு, ஒரு அடி தப்பாகப் போனாலும் கூலியில் விழும். தண்ணீரை மாற்றிப் பார், பாலை மாற்றிப் பார் என்றால் எங்கே போவது?

நான் செய்வது இதுதான். மூன்றாவது சேலை முடிந்த பிறகு பாவில் கொஞ்சம் மீதி இருக்கும். சில சமயம் ஒரு முழம், சில சமயம் அதற்கும் குறைவு. அறுத்து எடுக்கும் முன் அதில் வேறு வேறு ஊடை, அதாவது குறுக்கே போகும் நூல், போட்டுப் பார்ப்பேன், இரண்டு விரல் அகலம் ஒவ்வொன்றும். நீலப் பாவில் பச்சை ஊடை மயில் கழுத்து, அது எல்லோருக்கும் தெரியும். அதே நீலத்தில் வெந்தய நிற ஊடை போட்டேன். தறியில் விறைப்பாக நிற்கும்போது அழுக்குத் துணி மாதிரி இருந்தது. மனசு விட்டுப்போய் அறுத்துக் கசக்கிப் பையில் திணித்துக்கொண்டேன். வீட்டில் எடுத்தபோது என் மனைவி, "இது என்ன, மடிப்புக்கு மடிப்பு வேற கலரா இருக்கு?" என்றாள். கசங்கிய இடத்தில் ஒரு பக்கம் நீலம், ஒரு பக்கம் பொன். சேலையைத் தட்டையாக விரித்து யார் கட்டுகிறார்கள்? கொசுவத்திலும் தோளிலும்தானே அதன் நிறம். இருபது வருஷமாகத் தறியில் உட்கார்ந்திருக்கிறேன், நிறத்தை மடித்துப் பார்க்க வேண்டும் என்று அன்றைக்குத்தான் உறைத்தது. இப்போது மீதித் துண்டு எதையும் தட்டையாக வைத்து முடிவு சொல்வதில்லை.

பை நிறைய துண்டுகள் இருக்கின்றன. அதில் சேலையானது நாலுதான்.

நூல்கண்டு:

அண்ணா, "அறுத்துக் கசக்கி" என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் எழுந்து போய் என் துண்டுகளையெல்லாம் கசக்கிப் பார்த்துவிட்டு வந்தேன்.

தம்பி, நீங்கள் சொன்ன எச்சரிக்கைக்கு மிக்க நன்றி. இழுத்துப் பார்க்கும் சோதனையை நான் செய்யவில்லை, செய்திருக்க வேண்டும். போர் தண்ணீர்த் துண்டுகளை இன்றைக்கே மாடியில் போட்டுவிட்டேன். முடிவு தெரியும் வரை அந்த நிறத்தை விற்க மாட்டேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதே போலச் செய்த ஆறு தண்ணீர் மேல்துண்டு ஒன்றை வாங்கிய ஒரு அம்மா ஒரு வருஷம் கழித்துக் கூப்பிட்டார். துவைக்கத் துவைக்க மஞ்சள் பட்டைகள் கறுத்துக்கொண்டே போகின்றன, அவர் வீட்டிலும் போர் தண்ணீர்தானாம். துணியில் மிச்சமிருந்த துவர்ப்பை அவர் வீட்டு இரும்பு பிடித்துக்கொண்டிருக்கிறது. பணத்தைத் திருப்பித் தருகிறேன், வேறு துண்டும் தருகிறேன் என்றேன். வேண்டாம், இது இப்போது எங்கள் வீட்டு நிறம் ஆகிவிட்டது என்றார். நான் கேட்டுக்கொண்டதால் ஓரத்தில் ஒரு விரல் அகலம் மட்டும் வெட்டி அனுப்பினார். அந்த நறுக்கில் ஏழு முடிச்சு போட்டு, மற்ற ஆறோடு வைத்திருக்கிறேன்.