பிரேக் பைப் துருப்பிடித்துக் கசிகிறது, அந்த இடத்தை மட்டும் வெட்டி ஒட்டுப் போடலாமா?

ஓட்டைவண்டி:
22 வருடம் ஓடிய கார். நேற்று காலை எடுத்தபோது பெடல் வழக்கத்தைவிடக் கீழே போனது. இரண்டு தடவை மிதித்தால் மேலே வருகிறது, காலை அப்படியே வைத்திருந்தால் மெல்ல மெல்ல இறங்குகிறது. பெடலை மிதித்ததும் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர்தான் போய்விட்டது என்று நினைத்தேன். ஆனால் அடியில் டார்ச் அடித்துப் பார்த்தால் பின்சக்கரத்துக்குப் போகும் ஸ்டீல் பைப், பிளாஸ்டிக் கிளிப்புக்குள் நுழையும் இடத்தில் ஈரமாக இருந்தது. நகத்தால் சுரண்டினேன், துரு செதில் செதிலாக உதிர்ந்து கூடவே ஒரு சொட்டு ஆயிலும் வந்தது. மற்ற இடங்களில் மேலாகத்தான் துரு. ஒரு சாண் வெட்டி எடுத்துவிட்டு கம்ப்ரஷன் ஜாயின்ட் போட்டால் போதுமா? இல்லை, ரப்பர் ஹோஸும் கிளாம்பும் தாங்குமா?

கிரீஸ்கை:
இரண்டும் வேண்டாம், முதலில் வண்டியை ஓட்டுவதை நிறுத்துங்கள். ஓங்கி மிதித்தால் அந்தப் பைப்புக்குள் 70 பாருக்கு மேல் அழுத்தம் ஏறும், டயருக்குள் இருப்பதே இரண்டு சொச்சம் பார்தான். கிளாம்ப் போட்ட ஹோஸ் முதல் அவசர பிரேக்கிலேயே பிய்த்துக்கொண்டு போகும். கம்ப்ரஷன் ஜாயின்ட் பைப்பை வெறுமனே கவ்விப் பிடிப்பது, அதற்கும் இங்கே வேலை இல்லை. பிரேக் ஆயிலுக்கு இரண்டு தனித்தனி சர்க்யூட் (பாதை) இருப்பதால்தான் உங்களுக்குப் பெடல் இன்னும் கொஞ்சம் நிற்கிறது.
கிளிப்புக்குள் சேறும் தண்ணீரும் தங்கும், அதனால் அங்கேதான் முதலில் அரிக்கும். ஒன்று பொத்துவிட்டது என்றால் அதே பைப்பில் மற்ற கிளிப்புகளும் வரிசையில் நிற்கின்றன என்று அர்த்தம். முழு பைப்பையும் மாற்றுங்கள்.

ஓட்டைவண்டி:
சரி அண்ணா, மாற்றிவிடுகிறேன். ஆனால் சக்கரத்தில் பிரேக்கை அழுத்தும் வீல் சிலிண்டர் பக்கத்து நட்டு அசையவே இல்லை. ஸ்பானர் போட்டதில் ஒரு முனை மழுங்கியும் போச்சு.

ரிங்ஸ்பானர்:
சாதா ஸ்பானரைத் தொடாதீர்கள். பைப் நுழைகிற மாதிரி ஒரு பக்கம் வெட்டு விட்ட ரிங் ஸ்பானர் இருக்கிறது, ஃப்ளேர் நட் ஸ்பானர், அதுதான் இதற்கு. துரு இளக்கும் ஆயிலை அடித்து ஒரு ராத்திரி ஊற விடுங்கள். எப்படியும் பழைய பைப் குப்பைக்குத்தான், நட்டை ஒட்டியே வெட்டிவிட்டு ஆறு முனை பாக்ஸ் ஸ்பானரை மாட்டினால் பெரும்பாலும் வந்துவிடும். தீ காட்டுவது என் வழக்கமில்லை, பிரேக் ஆயில் பற்றிக்கொள்ளும்.
வெட்டுவதற்கு முன் ஒரு கட்டையை வைத்துப் பெடலைக் கொஞ்சம் அமுக்கியபடி நிறுத்திவையுங்கள், ரிசர்வாயரில் (ஆயில் டப்பாவில்) இருப்பது மொத்தமும் தரையில் கொட்டாது. ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள வண்டியானால் இது ரொம்ப முக்கியம், பம்புக்குள் காற்று புகுந்தால் சில மாடல்களில் ஸ்கேனர் இல்லாமல் எடுக்க முடியாது.

கிரீஸ்கை:
பைப் வாங்கும்போது செம்பு-நிக்கல் கலவை கேளுங்கள், துருப்பிடிக்காது, கையாலேயே வளையும். வெறும் செம்பு வேண்டாம், அதிர்ந்து அதிர்ந்து இறுகி விரிசல் விடும். பழைய பைப்பின் முனையை அப்படியே வைத்திருந்து அதன் ஃப்ளேரை, அதாவது முனையை விரித்திருக்கும் வடிவத்தை, ஒப்பிடுங்கள்: புனல் மாதிரி உள்ளே மடிந்திருந்தால் டபுள் ஃப்ளேர், குமிழ் மாதிரி இருந்தால் பபிள் ஃப்ளேர். ஒன்றுக்கு மற்றதைப் போட்டால் எவ்வளவு இறுக்கினாலும் கசியும். அப்புறம், முனையை விரிப்பதற்கு முன்னால் நட்டைப் பைப்பில் கோத்துவிடுங்கள். சிரிக்காதீர்கள், எல்லோரும் ஒரு தடவை மறப்போம்.

ஓட்டைவண்டி:
மறந்தேன். முதல் முனையை அழகாக விரித்துவிட்டுப் பார்த்தால் நட்டு மேஜை மேல் இருக்கிறது. வெட்டிவிட்டு மறுபடி செய்தேன். பாக்ஸ் ஸ்பானர் வைத்ததும் பழைய நட்டு ஒரு 'டக்' சத்தத்தோடு இளகியது. பைப்புக்குள் புகுந்த காற்றை வெளியே எடுக்கும்போது பெடல் தரை வரை போகாமல் அடியில் ஒரு கட்டை வைத்தேன், பழைய மாஸ்டர் சிலிண்டரில் சீல் இதுவரை போகாத சொரசொரப்பான இடத்துக்குப் போனால் கிழியும் என்று எங்கோ கேட்ட ஞாபகம்.

ரிங்ஸ்பானர்:
நல்ல காரியம். இன்ஜினை ஓடவிட்டுப் பெடலைக் கெட்டியாக மிதித்துப் பிடியுங்கள், இன்னொருவர் ஒவ்வொரு இணைப்பையும் காகிதத்தால் ஒற்றிப் பார்க்கட்டும்.

ஓட்டைவண்டி:
பார்த்தாச்சு, ஒரு முனையில் லேசாக ஈரம். ஃப்ளேர் கோணலாக விழுந்திருந்தது, திரும்பச் செய்த பிறகு காகிதம் காய்ந்தே வருகிறது, பெடலும் மேலேயே நிற்கிறது. கையோடு எதிர்ப்பக்க பைப்பின் கிளிப்பையும் கழற்றிப் பார்த்தேன். இன்னும் கசியவில்லை, ஆனால் அங்கும் அதே செதில். வண்டி ஜாக் ஸ்டாண்டை விட்டு இறங்கவில்லை, அந்தப் பக்கத்துக்கும் பைப் வாங்கக் கிளம்பிவிட்டேன்.